பூண்டு வைத்த ஹெல்மெட்

என் தலைக்குள் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் இருபத்தெட்டு வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறார்கள். அது அவர்கள் பாடு. நான் எழுத உட்கார்ந்திருப்பது தலைக்கு வெளியே நடந்ததைப் பற்றி. இதை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா உள்ளத உள்ளபடி எழுதணும்" என்றாள். அந்த நிபந்தனைதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

நான் தமிழ் வாத்தியார். வீடு நகரியில். பள்ளிக்கூடம் புத்தூர் போகிற பக்கம், ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில். போக வர சைக்கிள்தான். உடன் வேலை செய்கிற எல்லாரும் மோட்டார் வண்டிக்கு மாறி எத்தனையோ வருடமாகிறது. ஏன் நீங்கள் மட்டும் மாறவில்லை என்று கேட்டால் உடம்புக்கு நல்லது, காற்று கெடாது என்று ஒரு சின்னச் சொற்பொழிவு வைத்திருக்கிறேன். எனக்கு மோட்டார் வண்டி ஓட்ட வராது என்பதை அந்தச் சொற்பொழிவில் சேர்ப்பதில்லை. ஒருமுறை மனைவியின் ஸ்கூட்டரில் பழகப் பார்த்து, பக்கத்துத் தறிக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டேன். நெசவாளர்கள் மிகவும் மரியாதையாக என்னை வெளியே அனுப்பிவைத்தார்கள்.

சைக்கிளில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மோட்டார் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. கூட்டு ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தும்போது நான் மணியடித்துக்கொண்டு நடுவில் புகுந்து போவேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பத்தடி தூரத்தில் எனக்கு ஒரு மந்திரியின் நடை வந்துவிடும்.

எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியாரிடம் ஒரு ஹெல்மெட் உண்டு. அது அவர் முழங்கையில் இருக்கும். தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் மறுபடி முழங்கைக்கு வந்துவிடும். "சார், நம்ம ஸ்டாஃப்லயே முழங்கையப் பத்திரமா வச்சிக்கினு கீறது நீங்க ஒருத்தர்தான்" என்று தினமும் ஒருமுறையாவது சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் இவனும் மாட்டுவான் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தாரோ என்னவோ.

என் மனைவி இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். அவள் அங்கன்வாடி டீச்சர். மூன்று தெரு தள்ளி இருக்கும் மையத்துக்கு ஸ்கூட்டரில் போனாலும் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அங்கன்வாடிப் பிள்ளைகள் டீச்சரை வரையச் சொன்னால் ஒரு பெரிய உருண்டை போட்டு அதற்குக் கீழே இரண்டு கால் வரைகிறார்கள். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அவள் அப்படி இருப்பதற்குக் காரணம் அவள் தம்பி. வடமாலபேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி அவனுக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அவன் சைக்கிளில் பால் வாங்கப் போனபோது விழுந்தான். சாதாரணமாக விழுந்ததுதான். பின்மண்டை தாரில் பட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கை கால், பேச்சு, ஞாபகம் எல்லாம் சரியாக இருந்தது. வாசனை மட்டும் போய்விட்டது. டாக்டர் இது திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். வரவில்லை.

மச்சான் கடை சாம்பார் அந்தச் சாலையிலேயே பேர் போனது. அது எப்படி மணக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. காலையில் கடைக்கு வருகிற முதல் ஆளிடம் பால் குண்டானை நீட்டி, "மோந்து பாத்து சொல்லுங்க, நல்லா கீதா?" என்று கேட்பான். நான் போனால் என்னிடம்தான் நீட்டுவான். "நைட்டு வச்ச சட்னியும் கீது மாமா, அதயும் பாத்துடுங்க" என்பான். நாங்கள் சிரிப்போம், அவனும் சிரிப்பான். ஒருநாள் காலையில் கேஸ் கசிந்து கடை முழுக்க நாறிக்கொண்டிருக்க, அவன் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருக்கிறான். இட்லி சாப்பிட வந்த லாரி டிரைவர் ஒருவர் பாய்ந்து தட்டிவிட்டிருக்கிறார். அதிலிருந்து அவன் மனைவிதான் அடுப்புப் பற்ற வைக்கிறாள். அந்தச் செய்தி வந்த அன்று என் மனைவி ஒன்றும் சாப்பிடவில்லை. சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது வாசலில் நின்று ஒரு சட்டம் போட்டாள்.

"இதுல இருந்து ஒரே ஒரு தடவ உழுந்துட்டு வந்தாலும் சரி, அன்னைக்கே இந்த சைக்கிளு காயலாங்கடைக்குப் போயிடும்."

"உழுந்தா புத்தூரு பக்கத்துலதான கீது" என்றேன். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் பெரிதாகக் கலங்குவதில்லை. புத்தூர் கட்டு போட எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், எங்களுக்கு அது பக்கத்து ஊர்.

"கையி காலு ஒடஞ்சா புத்தூர் கட்டு கீது. மண்ட ஒடஞ்சா எங்க போயி கட்டு போட்டுக்கினு வருவீங்க?"

பதில் இல்லாத கேள்விகளை வகுப்பில் நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது வழக்கம். வீட்டிலும் அதையே செய்தேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த நாள் அது. கூட்டு ரோட்டில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். கணக்கு வாத்தியார் வண்டியிலிருந்து இறங்கி, வெறும் முழங்கையோடு, "சார், ரேப்பு தப்பகுண்டா, ரேப்பு தப்பகுண்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நாளைக்குக் கட்டாயம் போட்டுக்கொண்டு வருகிறாராம். லீவில் ஹெல்மெட்டை எங்கோ வைத்துவிட்டார். இப்படி ஒரு காட்சி கிடைக்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று முறை மணியடித்தேன். வலது கையைத் தூக்கி ஊர்வலத்தில் போகிறவன்போல் ஆட்டினேன். "பெல் அடிக்கப் போவுது, சீக்கிரம் வாங்க சார்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் முகத்தை இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று திரும்பினேன். பிறகு இன்னொரு முறை. அங்கே சாலை வளைகிறது. வளைவைத் தாண்டியும் நான் பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன். ரோட்டு வேலைக்காக ஓரத்தில் ஜல்லி கொட்டிவைத்திருந்தார்கள். முன்சக்கரம் அதில் இறங்கி நின்றது. நான் நிற்கவில்லை. தலை மைல்கல்லின் ஓரத்தில் இடித்தது.

வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தவிர யாரும் பார்க்கவில்லை. என் கைக்குட்டையையே வாங்கித் தலையில் அழுத்திக் கட்டிவிட்டாள். "சூசுகோனி போவாலி காதா சார்" என்றாள். பார்த்துப் போகக் கூடாதா என்று கேட்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் போனேன், பார்த்த திசைதான் வேறு என்று அவளிடம் விளக்க முடியவில்லை.

சைக்கிளை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து புத்தூருக்குப் போனேன். நகரியில் தையல் போட்டால், ஊசி தலையில் இறங்குவதற்குள் என் மனைவிக்குச் சேதி போய்விடும். புத்தூரில் ஒரு சின்ன கிளினிக். இளவயது டாக்டர். காயத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியை வெட்டிவிட்டு ஐந்து தையல் போட்டார். கையில் ஒரு ஊசி. பேர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். வாந்தி, மயக்கம் வந்தால் உடனே வரவேண்டும், இரண்டு நாளைக்கு வீட்டில் யாராவது உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். அந்த வருடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அதற்குப் பிறகு சின்னப் பொய்கள் வரிசையாக வந்தன. காயம் தலையின் இடது பக்கம், மேலே. வகிட்டை மாற்றி, வலது பக்கத்து முடியை அந்தப் பக்கமாகத் தள்ளிப் படிய வாரினேன். "இன்னா, வகிடு மாறிப்போச்சு?" என்று மனைவி கேட்டாள். "எல்லாரும் இப்ப இப்டித்தான் வார்றாங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வைப்பது அவள்தான். சளி பிடித்திருக்கிறது என்றேன். ஒரு இருமலும் இருமிக் காட்டினேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மத்தியானம் கறிக்குழம்பு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே தூங்கினேன். தப்பித்தோம் என்ற நிம்மதியில் குறட்டைகூட விட்டிருப்பேன்.

இந்த நேரம் பார்த்துப் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு விழா வந்தது. தலைமையாசிரியை ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார். சைக்கிளுக்கும் ஹெல்மெட் சட்டம் வேண்டுமா, வேண்டாமா. சைக்கிளில் வருகிற ஒரே ஆசிரியர் என்பதால் வேண்டாம் என்கிற கட்சிக்கு நான். வேண்டும் என்று பேச ஆள் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டிக்காரர்கள் எல்லாரும் நழுவினார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஹெல்மெட் ஒன்றே ஒன்றுதான். தலைமையாசிரியை என் வீட்டுக்கே போன் போட்டு என் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார்.

நடுவர் எஸ்.ஐ. அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் புரியும். நான் முதலில் பேசினேன். நன்றாகவே பேசினேன், அதை ஒளிப்பானேன். நம் பள்ளிப் பெண்பிள்ளைகள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வருகிறார்கள். நாளைக்கே சட்டம் போட்டால் ஹெல்மெட் இல்லாத பிள்ளை வீட்டில் நின்றுவிடும், படிப்பும் நின்றுவிடும் என்றேன். சைக்கிள் குறைந்தால் மோட்டார் கூடும், மோட்டார் கூடினால் ஆபத்து கூடும் என்றேன். பங்குனி வெயிலில் தலையை மூடிக்கொண்டு மிதித்துப் பாருங்கள் என்றேன். பேசப் பேசத் தையல் போட்ட இடம் வியர்வையில் அரித்தது. சொறியவும் முடியவில்லை. அந்த எரிச்சலில், எழுதி வைத்திராத ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தது. "ரோட்டோரம் ஜல்லியைக் கொட்டிவைத்தவரை விட்டுவிடுகிறீர்கள், அதில் விழுந்தவன் தலையைத்தான் பிடித்துக்கொள்கிறீர்கள்" என்று கத்தினேன். பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள்.

என் மனைவி மேடைப் பேச்சுக்காரி இல்லை. அவள் தன் தம்பியைப் பற்றி மட்டும் சொன்னாள். பால் குண்டானைச் சொன்னாள். தீப்பெட்டியைச் சொன்னாள். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என் தம்பி உழுந்தது எல்லாருக்கும் தெரியும். எத்தினி பேரு உழுந்துட்டு வாயே தொறக்காம வீட்டுல உக்காந்துக்கினு கீறாங்களோ, அது யாருக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பொதுவாகச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் பொதுவாகத் தலையாட்டினேன்.

எஸ்.ஐ. எழுந்து தொண்டையைச் செருமினார். அம்மா சொன்னது மனசைத் தொட்டது, ஆனால் சட்டத்தில் சைக்கிளுக்கு அப்படி இல்லை, சட்டத்தில் இல்லாததை போலீஸ்காரன் எப்படிச் சொல்வது, ஆகவே சார் ஜெயித்தார் என்றார். பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே ஒரு கறுப்பு ஹெல்மெட். விழா எதுவோ பரிசும் அதற்கேற்ப வாங்கியிருக்கிறார்கள், யார் ஜெயிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அன்றைக்கு அவர் கணக்குத் தீர்ந்திருக்கும்.

ஹெல்மெட்டை வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சமையலறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு கிலோ பூண்டு.

"ஜெயிச்சு வாங்கின பரிசுல பூண்டு போட்டு வச்சிக்கீற. வீடு முழுக்க நாத்தம் அடிக்குது" என்றேன்.

"அடிக்குதா?" என்றாள். "எங்க இருந்து தெரியுது?"

"வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தெரியுது."

இதற்கு அவள் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, அன்றைக்கு ராத்திரிக்கு எனக்குப் பிடித்த பூரி சுட்டாள். பூண்டை மட்டும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் நடவடிக்கையே கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ரசக் கரண்டியை மூக்குக்கு நேரே நீட்டி, "பெருங்காயம் போதுமா பாருங்க" என்பாள். பூக்காரியிடம் வாங்கிய மல்லியை என் முகத்தருகே கொண்டுவந்து, "இது இன்னிக்கிப் பூவா, நேத்துப் பூவா?" என்பாள். தோற்றுப்போன வருத்தத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்தவன் அப்படித்தான் நினைப்பான்.

மாசி மாதக் கடைசியில் மகளுக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்கினாள். அந்த வாரமே மனைவி, "திருமலைக்குப் போவணும், ஒரு வேண்டுதல் கீது. உங்க முடி" என்றாள்.

"உன் வேண்டுதலுக்கு என் முடி எதுக்கு?"

"வேண்டிக்கினது நானு. முடி உங்குளுது. இதுல இன்னா புதுசா கீது?"

புதுசாக ஒன்றும் இல்லைதான். எங்கள் பக்கத்தில் மனைவி வேண்டிக்கொள்வதும் புருஷன் தலையைக் கொடுப்பதும் சாதாரணம். மகள் வேலைக்காக வேண்டியிருக்கிறாள், நியாயம்தான். தையல் பிரித்தாகிவிட்டது, முடியும் வளர்ந்து மூடிவிட்டது. ஆனால் முடி போனால் தழும்பு பளிச்சென்று தெரியும். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதுவும் முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று முறை மொட்டை போட்டிருக்கிறேன். மூன்று முறையும் சந்தனம் பூசிவிட்டது அவள்தான். என் மண்டையின் மேடு பள்ளம் எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த வில்லங்கம் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வந்திருக்காது. தலையில் காயத்தை மறைத்துக்கொண்டு திருமலைக்குப் பக்கத்தில் குடியிருந்தது என் தப்பு.

பொம்பளைகள் கொடுப்பதுபோல மூன்று கத்திரி முடி மட்டும் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பரீட்சை நேரம், மொட்டைத் தலையோடு போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றேன். "உங்க ஸ்கூல்ல எந்த மாசம் ரெண்டு மொட்ட இல்லாம இருந்துச்சு?" என்றாள் மனைவி. பேருந்தில் திருப்பதி போய்ச் சேரும்வரை எனக்கு என் சைக்கிள்தான் கண்ணுக்குள் நின்றது. காயலாங்கடைக்காரர் அதை எடை போடுவதற்கு முன் மணியைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலையில் மகளின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினோம். ஓட்டுகிறவள் என் மனைவி. பின்னால் நான். மலையடிவாரத்து அலிபிரியில் சோதனைக்கு முன் வண்டியை ஓரம் கட்டி, கால் பக்கத்தில் வைத்திருந்த பையிலிருந்து என் பரிசை எடுத்தாள். பூண்டைக் கொட்டிவிட்டு ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

"பின்னாடி குந்துறவங்களுக்கும் சட்டம் கீது சார்" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஹெல்மெட் மாட்டினேன். தழும்பின் மேல் உரசி, முகத்தைச் சுளித்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலை ஏறி முடிக்கும் வரை எனக்கு எந்த வளைவும் தெரியவில்லை. பூண்டு வாசனைதான் தெரிந்தது.

மொட்டை போடுகிற கல்யாண கட்டாவில் வரிசை பெரிதாக இல்லை. நாவிதர் என்னைவிட வயதில் பெரியவர். தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தார், முன்பக்கம் போனது. இடது பக்கம் வந்ததும் கத்தி நின்றது.

"ஏம் சார், இக்கட தெப்ப தகிலிந்தா?" அடிபட்டதா என்று கேட்கிறார்.

"சின்னப்புடு" என்றேன், குனிந்த தலையோடு. சின்ன வயதில் என்று.

அவர் விரலால் தடவிப் பார்த்தார். நாள் முழுக்கத் தலைகளைப் பார்க்கிறவர். "காது சார். இதி கொத்ததி" என்றார். இல்லை சார், இது புதுசு.

நான் தரையில் விழுந்துகிடந்த என் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவியின் காலும் தெரிந்தது. அது நகரவில்லை.

"என்னி குட்லு?" என்று அவள் நாவிதரிடம் கேட்டாள். எத்தனை தையல் என்று. அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

அவர் மெதுவாக எண்ணினார். "ஐது."

"அஞ்சா. நான் ஏழுன்னு எண்ணிக்கினேன்" என்றாள்.

குளித்துவிட்டு வந்து வெளியே ஒரு திண்டில் உட்கார்ந்தேன். அவள் சந்தனம் குழைத்தாள். அவளாகவே பேசினாள்.

"அன்னைக்கி ஞாயித்துக்கெழம துன்னுட்டுப் படுத்துக்கினு இருந்தீங்க. ஃபேன் காத்துல முடி பறந்துச்சு. கறுப்பு நூலு தெரிஞ்சிது. அப்பவே வேண்டிக்கினேன், இந்தத் தலையில ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது, முடியக் குடுத்துடறேன்னு."

"பாப்பா வேலைக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அவ படிச்சா, அவளுக்கு வேல கெடச்சிது. அதுக்கு எதுக்கு உங்க முடி?"

அவள் சந்தனத்தை உச்சியில் வைத்துத் தேய்த்தாள்.

"பூண்ட எதுக்கு அதுல போட்டேன்னு நெனச்சீங்க?" என்றாள்.

உடனே புரியவில்லை. பிறகு ரசக் கரண்டி ஞாபகம் வந்தது. மல்லிப்பூ வந்தது. அவள் தம்பி நீட்டும் பால் குண்டான் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாற்றம் அடிக்கிறது என்று நான் கத்தியபோது அவள் சிரித்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஒவ்வொரு நாளும் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் என் மூக்கு வேலை செய்கிறதா என்று பயந்துகொண்டே பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. திருமலையில் மொட்டைத் தலையோடு ஒருவன் அழுதால் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் மறைக்கவில்லை.

"ஏன்யா சொல்லல?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சைக்கிளு போயிடும்னு."

சந்தனக் கை தழும்பின் மேல் நின்றது. "அதான். போலீஸப் பாத்தா மாட்டிக்கினு அப்பால கழட்டறாங்களே, அந்த மாதிரி பண்ணிட்டீங்க. சட்டம் போட்டவ நானு. போடாம இருந்திருந்தா அன்னைக்கே வந்து சொல்லியிருப்பீங்க. டாக்டருகிட்டயாவது கூட்டிக்கினு போயிருப்பேன்." மறுபடி சந்தனத்தைத் தொட்டுக்கொண்டாள். "இனிமே சட்டம் ஒண்ணும் கெடயாது. சைக்கிளு எங்கியும் போவாது. தலைல போடுங்க, போடாதீங்க, உங்க இஷ்டம். உழுந்தா மட்டும் சொல்லிடணும்."

பட்டிமன்றத்தில் நான் பேசிய எல்லாவற்றையும்விட இது பெரிய வாதம். இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் தள்ளிவைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை நானே எடுத்து மாட்டினேன். மோட்டார் வண்டிக்கான சாமான். சைக்கிளில் அதைப் போட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்து நகரி கடைத்தெரு ஒரு நிமிஷம் நின்றது. "மொட்டைக்கு வெயில் ஆவாது, அதான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பழக்கம் லேசில் போகாது. கூட்டு ரோட்டில் எஸ்.ஐ. என்னைப் பார்த்துச் சல்யூட் வைத்தார். தீர்ப்புச் சொன்னவர் அவர் என்பதால் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்.

கணக்கு வாத்தியாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்த்தான் விழுந்தேன் என்றேன். தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஸ்டாஃப் ரூமில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வைத்தார். அவர் ஹெல்மெட் இப்போதும் முழங்கையில்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த வளைவில் மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

முடி முழுக்க வளர்ந்துவிட்டது. வெயிலின் மேல் பழி போட இனி முடியாது. போன வாரம் பள்ளி விட்டு வரும்போது அதே வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், சறுக்கியது, அதே ஜல்லியில் விழுந்தேன். அதை இன்னும் எடுக்கவில்லை. தலை மறுபடி மைல்கல்லில் இடித்துச் சத்தம் கேட்டது, வலி ஒன்றும் இல்லை. வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. எழுந்து நிற்க முடியுமா, வீட்டில் என்ன சொல்லலாம், வகுப்பில் பெஞ்சு இடித்தது என்று சொல்லலாமா என்று பழைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. போனை எடுத்தேன்.

"உழுந்துட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டது.

"தலையா?"

"முட்டி."

"தலைல அது இருந்துச்சா?"

"இருந்துச்சு. பூண்டு வாசன இன்னும் போவல."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்ப சரி. முட்டிக்கு புத்தூர் கட்டு கீது. அங்கியே உக்காந்துக்கினு இருங்க, வண்டி எடுத்துக்கினு வரேன்" என்றாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.